ஒரு கரண்டி நாட்டுச்சர்க்கரை

காலைக் கொஞ்சம் அக்கட்டால வெச்சுக்கோங்க. பையை மிதிச்சிராதீங்க, உள்ள கண்ணாடிச் சாமான் இருக்குது. ஆமாங்க, பெங்களூருக்குத்தான். நீங்களும் கடைசி வரைக்குமா? அப்பச் சரி. என்ஜினுப் பக்கத்து சீட்டாப் பாத்துக் குடுத்திருக்கறான் பாருங்க கண்டக்டரு, காலு வெந்து போவுது. முந்தியா இருந்தா எந்திரிச்சு ஒரு அப்பு அப்பியிருப்பேன். இன்னிக்கு ஒரு நல்ல காரியமாப் போறேன், போற வழியில கை நீட்டக்கூடாதுன்னு ஊட்டுக்காரி சத்தியம் வாங்கியிருக்கறா. அதனால அந்தாளு தப்பிச்சான்.

எம்பேரு நாச்சிமுத்துங்க. அரவக்குறிச்சிக்கு அந்தப் பக்கம் காட்டூரு. சண்டைச்சேவல் வளக்கறேன். சட்டப்படி கூடாதும்பாங்க, வளக்கறதுக்கு என்னங்க, கோழி வளக்கறது குத்தமா? கத்தி பட்டுக் கொடலு வெளிய வந்த சேவலைக்கூட ஊசி நூலு போட்டுத் தெச்சு எழுப்பி விட்டிருக்கேன். ரத்தத்தைக் கண்டு பயப்படற ஆளு நானில்ல. இதை எதுக்குச் சொல்றேன்னா, பின்னால வரும்.

எனக்கு ஒரே தங்கச்சி. சுகந்தி. அப்பன் செத்தப்ப அது கைக்கொழந்தை. நாந்தான் தோள்ல போட்டு வளத்தேன். பள்ளிக்கூடம் போறப்ப பஸ்ஸுல ஒரு பையன் அதுகிட்ட நோட்டு வாங்கிட்டுச் சிரிச்சான்னு கேள்விப்பட்டு, பஸ்ஸை நிறுத்தி அவன் முன்பல்லு ரெண்டையும் எடுத்து அவன் கையிலயே குடுத்தேன். அன்னியிலிருந்து ஒரு பய அது பக்கம் திரும்பல. பொண்ணுங்களும் பேச மாட்டேங்கறாங்கண்ணான்னு வந்து அழுதுச்சு. பொண்ணுங்க எதுக்குப் பேசாம இருக்கணும்? அது எனக்கு இன்னிக்கு வரைக்கும் வெளங்கலைங்க.

பெங்களூரு மாப்பிள்ளைக்குக் கட்டிக் குடுத்தேன். கிருபாகரன். கம்ப்யூட்டரு வேலை. பொண்ணு பாக்க வந்தன்னிக்கே எனக்கு அவனைப் புடிக்கல. திட்டுனாக்கூடச் சிரிக்கறான். ஆம்பளைன்னா ஒரு ரோசம் வேணுமில்லைங்க? ஊட்டுல அரை டவுசரைப் போட்டுக்கிட்டுப் பாத்திரம் கழுவறான். ஆனா சுகந்தி அவனைத்தான் கட்டுவேன்னு நின்னுச்சு. அது எங்கிட்டக் கேட்டது வாழ்க்கையில அது ஒண்ணுதான். சரின்னுட்டேன்.

இந்தக் கிருபாகரனுக்கு ஒரு பைத்தியம். ஊட்டுலயே பீரு காச்சறது. கடையில விக்கறான், வாங்கிக் குடிச்சுட்டுப் போவேண்டியதுதானே? இவன் பார்லியை வேகவெச்சு, வடிகட்டி, அதுல தயிர்த்தண்ணியை ஊத்திப் புளிக்க வெக்கறான். பீருல தயிருங்க. கேக்கறப்பவே குமட்டுதில்ல? ஏனுங் மாப்பிள்ளை இப்படின்னு கேட்டா, இது புளிப்பு பீரு மச்சான், சவர் ஏல்னு பேரு, பழம் போட்டா இன்னும் நல்லாருக்கும்ங்கறான்.

போன கோடையில போன் பண்ணுனான். "மச்சான், நம்மூருல சப்பாத்திக் கள்ளிப்பழம் கெடைக்குமா? அதைப் போட்டு ஒரு தடவை பண்ணிப் பாக்கணும்."

எனக்குச் சுருக்குன்னுச்சு. கள்ளிப்பழம் ஆடு மேய்க்கற பசங்க பசிக்குத் திங்கறதுங்க. மாம்பழம் கேட்டிருந்தாக் கூடையோட எறக்கியிருப்பேன். நம்மூருக்கு இதுதான் தகுதின்னு நெனச்சுட்டானோன்னு ஒரு ரோசனை. ஆனாப் பின்னாலயே சுகந்தி கொரல் கேட்டுச்சு, "அண்ணா, கொண்டாண்ணா, சின்னதுல நீ எனக்கு முள்ளெடுத்துக் குடுப்பியே." அந்த ஒரு வார்த்தைக்கு ஒரு மூட்டை பறிச்சேன். ஒவ்வொரு பழத்தையும் கல்லுல தேச்சு, வெளி முள்ளை எடுத்து, பொளந்து, உள்ளாற இருக்கற நச்சத்திர முள்ளையும் எடுத்தேன். கை ரெண்டும் ரத்தக்களறியாட்டச் செவந்து போச்சு. ஊட்டுக்காரி பாத்துட்டு ஆரை வெட்டுனீங்கன்னு கேட்டா. அவ அப்படித்தான் கேப்பா.

பழத்தையும், கூடவே கவுந்தப்பாடி நாட்டுச்சக்கரை ஒரு பையும் எடுத்துக்கிட்டுப் போயிக் குடுத்துட்டு வந்தேன். கொஞ்ச நாள் கழிச்சு மறுபடி கூப்பிட்டான். "மச்சான், பழம் போட்டது தயாராயிருச்சு. ஞாயித்துக்கெழமை பாட்டில்ல ஊத்தறோம். உங்க பழம், நீங்க வந்துதான் மொத வாய் குடிக்கணும்."

மரியாதை குடுத்தாப் போயித்தானே ஆவணும். போனேன்.

ஊட்டுக்குள்ள அவனோட சிநேகிதங்க ஒரு கூட்டம். மஞ்சுநாத்துன்னு ஒரு தாடிக்காரன், முடியை ஒட்ட வெட்டுன ஒரு பொண்ணு, இன்னும் ரெண்டு பேரு. ஆளுக்கொரு சின்ன கிளாசு. எனக்கும் ஒண்ணு குடுத்தான் மாப்பிள்ளை. பாக்கறதுக்கு என்ன அழகுங்க அது. ரோசாப்பூவும் ரத்தமும் கலந்தாப்புல ஒரு செவப்பு. என் கையில ஒட்டியிருந்துச்சே, அதே நெறந்தான். மேல வெள்ளையா மெல்லிசா ஒரு நுரை. மோந்து பாத்தேன். கள்ளிப்பழ வாசம் அப்படியே இருந்துச்சு, மழைக்கு முந்தி காடு ஒரு வாசம் வீசுமே, அது. எனக்கே நெஞ்சு நெறஞ்சுருச்சு. நம்ம பழத்தை இவன் வீணாக்கலைன்னு நெனச்சு வாயில ஊத்துனேன்.

புளிப்புன்னா புளிப்பு. காது ரெண்டும் கூசுது. பல்லுல யாரோ அரத்தை வெச்சு ராவுனாப்புல இருந்துச்சு. மூணாம் நாளு தோசைமாவைக் கலக்கிக் குடிச்சாக்கூட இப்படி இருக்காதுங்க. தொண்டையில எறங்குனப்புறந்தான் பழத்தோட ருசி ஒரு ஓரமா எட்டிப் பாக்குது. கொஞ்சம் உப்புக்கரிப்பு வேற. கெட்டுப் போச்சுன்னு எனக்கு அப்பவே தெரிஞ்சுருச்சு. துப்பலாம்னா தங்கச்சி எதுத்தாப்புல நின்னு எம்மூஞ்சியவே பாத்துக்கிட்டிருக்குது. முழுங்கிட்டேன்.

மத்தவங்க என்ன பண்றாங்கன்னு பாத்தேன். கண்ணை மூடிக்கிட்டு வாயைக் கொப்பளிச்சுக் கொப்பளிச்சுக் குடிக்கறாங்க. தாடிக்காரன் ஆகா ஓகோங்கறான். அந்தப் பொண்ணு, புளிப்பு முன்னால நிக்குது, பழம் பின்னால வருதுன்னு என்னமோ கச்சேரிக்கு வந்தாப்புலப் பேசுது. எனக்கு ஆத்திரம் பொங்குச்சு. ஒருத்தனாவது உம்மையைச் சொன்னானா? கெட்டுப்போனதைக் குடிச்சுட்டு நல்லாருக்குன்னு சொன்னா என்ன அர்த்தம்? என் மாப்பிள்ளையைக் கேலி பண்றாங்கன்னுதானே அர்த்தம்? தாடிக்காரனை அங்கயே நாலு சாத்துச் சாத்தியிருப்பேன். சுகந்தி என் கையைப் புடிச்சுக்கிச்சு. அதுக்குத் தெரியும் என் கை எப்ப எந்திரிக்கும்னு.

"மச்சான், எப்படி இருக்குது?" மாப்பிள்ளை கேட்டான்.

"அருமைங் மாப்பிள்ளை"ன்னேன். சபையில மாப்பிள்ளையை விட்டுக் குடுக்கக் கூடாதில்லைங்க.

அப்பறம் பாட்டில்ல ஊத்துனாங்க. அதுக்கு ஒரு முறை வெச்சிருக்கறான். நகைக்கடைத் தராசாட்டம் ஒண்ணு, அதுல சக்கரையை நிறுத்து, பாகு காச்சி, அளந்து கலக்கறான். "இந்தச் சக்கரையைத் தின்னுதான் மச்சான் ஈஸ்ட்டு கேஸ் உண்டாக்கும், அதான் பொங்கற நுரை. துளி அதிகமானாலும் கேஸ் அதிகமாயிப் பாட்டிலு வெடிச்சுரும்"ங்கறான். நான் சிரிச்சுக்கிட்டேன். சக்கரைக்குப் பாட்டிலு வெடிக்குமாம். பொண்ணைக் குடுத்த பாவத்துக்கு எதையெல்லாம் கேக்க வேண்டியிருக்குது பாருங்க.

எல்லாப் பாட்டிலையும் ரொப்பி வரிசையா வெச்சுட்டு, மூடி அமுக்கறதுக்கு முந்திச் சோத்துக்கு உக்காந்தாங்க. சுகந்தி கறிக்கொழம்பு வெச்சிருந்துச்சு. நான் கை கழுவப் போறேன்னு சமையக்கட்டுக்குள்ள போனேன். பாட்டிலுக அங்கதான் தொறந்தபடிக்கு நிக்குது. ஆரும் இல்ல. எனக்கு மனசு கேக்கல. இதைத் திரும்ப ஊட்டுக்கு வர்ற ஒறம்பரைக்கு எடுத்து ஊத்துவான், எல்லாரும் மூஞ்சிக்கு நேரா ஆகாம்பாங்க, வெளிய போயிச் சிரிப்பாங்க. எந்தங்கச்சி புருசன் சிரிப்பாச் சிரிக்கறதை நான் பாத்துக்கிட்டிருக்கறதா? நான் கொண்டாந்த நாட்டுச்சக்கரை பக்கத்துலயே இருந்துச்சு. ஒவ்வொரு பாட்டில்லயும் ஒரு கரண்டி. ரொம்பிக் கெடந்ததுல ஒரு வாய் நானே குடிச்சு எடம் பண்ணிப் போட்டேன். சக்கரை எறங்க எறங்கக் குபுகுபுன்னு பொங்கி வந்துச்சு, தொடைச்சு விட்டேன். கொறஞ்சதுக்குக் குண்டான்ல மிச்சமிருந்ததை ஊத்தி ரொப்பி வெச்சுட்டு வந்து சோத்துல கை வெச்சேன்.

ஒருத்தர்கிட்டயும் சொல்லலைங்க. செஞ்ச நல்லதைச் சொல்லிக்காட்டற பழக்கம் எனக்கில்ல. ஊட்டுக்காரிகிட்டக்கூடச் சொன்னதில்ல. நீங்க கேக்கறீங்கன்னுதான் மொதமொதல்ல வாயைத் தொறக்கறேன்.

அப்பறம் ரெண்டு வாரம் வெக்கணுமாம். நடுவுல ஒண்ணை ஒடைச்சுப் பாக்கறது அவன் வழக்கமாம். சுகந்தி விடல. "எங்கண்ணன் வந்துதான் மொதப் பாட்டிலைத் தொறக்கணும், அது வரைக்கும் யாரும் தொடக்கூடாது"ன்னு சொல்லியிருக்குது. பொறந்த ஊட்டு மேல அத்தனை பாசம். போன்ல இதை மாப்பிள்ளைதான் சொன்னான், அப்பவும் சிரிச்சுக்கிட்டே.

போனேன். இந்தத் தடவை கூட்டமில்ல, நாங்க மூணு பேருந்தான். காத்தாடியைப் போட்டு உக்கார வெச்சான் மாப்பிள்ளை. "அண்ணனுக்கு நானே எடுத்தாறேன்"னு சுகந்தி உள்ரூமுக்குப் போச்சு. கட்டிலுக்குப் பக்கத்துல அலமாரி, அதுல அடுக்கி வெச்சிருந்தாங்க.

மொதல்ல ஒரு சத்தம். டயரு வெடிச்சாப்புல. உடனே இன்னொண்ணு. அப்பறம் வரிசையாச் சீனிவெடி வெடிச்சாப்புல படபடன்னு ஊடே அதுருது. கண்ணாடி செவுத்துல போயிக் குத்தி நிக்குது. நான் ஓடறேன், மாப்பிள்ளை எனக்கு முன்னால ஓடறான். ரூமு முச்சூடும் செவப்பு. செவுத்துல செவப்பு, மோட்டுல செவப்பு, மெத்தையில செவப்பு. எது கள்ளிப்பழம், எது ரத்தம்னு எனக்கே தெரியலைங்க. எனக்கே. அது நடுவுல எந்தங்கச்சி கீழ கெடக்குது. மாப்பிள்ளை அதோட தலையை ரெண்டு கையாலயும் அமுக்கிப் புடிச்சுக்கிட்டு, "அசையாத சுகு, கையை எடு, கண்ணுகிட்டக் கையைக் கொண்டு போவாத"ன்னு கத்தறான். அது வலியில துடிக்குது, இவன் அமுக்கறான்.

எனக்கு என்ன தோணும், சொல்லுங்க. விஷத்தைக் காச்சி, வெடி வெச்சு, மேல உக்காந்து அமுக்கவும் செய்யறான். மசுரைப் புடிச்சு இழுத்து மூஞ்சியிலயே உட்டேன். மூக்கு ஒடைஞ்ச சத்தம் எனக்கே கேட்டுச்சு. அப்பவும் அவன் தலையை விடலைங்க, "மச்சான் அவளை ஆட்டாதீங்க, கண்ணாடி உள்ள இருக்குது"ங்கறான். கையை மிதிச்சேன். வெரலு ரெண்டு போச்சு. அப்பத்தான் உட்டான். கடைசி வரைக்கும் ஒரு அடி திருப்பி அடிக்கலைங்க. அதுலயே தெரியுதில்ல, குத்தமுள்ள நெஞ்சுன்னு.

பாத்தேன். எடது கண்ணுல ஒரு சில்லு, அரை வெரலு நீளம், குத்திக்கிட்டு நிக்குது. நாந்தான் சொன்னேனே, ரத்தத்தைக் கண்டு பயப்படற ஆளில்லைன்னு. மாப்பிள்ளை வாண்டாம் வாண்டாம்னு தரையில கெடந்துக்கிட்டுக் கத்தறான். ஒரே புடுங்கு. வந்துருச்சு. சேவலுக்கு எத்தனை தடவை புடுங்கியிருக்கேன்.

ஆஸ்பத்திரியில டாக்டரு கேட்டாரு, ஆரு இதை வெளிய எடுத்ததுன்னு. நாந்தானுங்கன்னு முன்னால போயி நின்னேன். அவரு என்னைப் பாத்தாரு. அப்படியே திரும்பி உள்ள போயிட்டாரு. படிச்சவங்களுக்கு ஒரு நல்ல வார்த்தை சொல்லக்கூட மனசு வர்றதில்லைங்க.

கண்ணு போச்சு.

கொஞ்சம் இருங்க. தண்ணி குடிச்சுக்கறேன்.

அந்தக் கண்ணுலதானுங்க அது சின்னதுல மையைத் தீட்டிக்கிட்டு, அண்ணா நல்லாருக்குதான்னு வந்து நிக்கும். இப்ப அங்க பஞ்சு வெச்சு ஒட்டியிருக்குது. நான் ராத்திரியில அழுவறேங்க. ஊட்டுக்காரிக்குத் தெரியாது.

மாப்பிள்ளை அன்னிக்கே ஒத்துக்கிட்டான், அதைச் சொல்லணும். மூக்குல கட்டு, கையில கட்டு, ஆஸ்பத்திரித் தரையில உக்காந்து, "என் கணக்குத்தான் தப்பு, எங்கயோ சக்கரையைத் தப்பா நிறுத்திட்டேன், நாந்தான் அவ கண்ணைக் கெடுத்தேன்"னு தலையில தலையில அடிச்சுக்கறான். அவன் வாயாலயே சொன்னான். அந்தத் தராசு, குண்டான் எல்லாத்தையும் ஒடைச்சுப் போட்டுட்டானாம். அன்னியிலிருந்து சரியாச் சோறு திங்கறதில்லையாம். வேலைக்கும் போவறதில்லையாம். செய்யறதைச் செஞ்சுட்டு இப்ப எதுக்கு நாடகம்?

ஆனா சுகந்தி எங்கூட வர மாட்டேங்குது. ஆஸ்பத்திரியிலயே கூப்பிட்டேன், ஊருக்கு வந்துரு கண்ணு, நான் வெச்சுக் காப்பாத்தறேன்னு. மிச்சமிருக்கற ஒரு கண்ணால என்னைப் பாத்துச்சு. "அண்ணா, அவரு கணக்குத் தப்பாப் போச்சு. நீ அவரை அடிச்ச. ரெண்டும் ஒண்ணில்லண்ணா. நீ போ"ன்னுச்சு. நான் வளத்த புள்ளை. அவன் சொல்லிக் குடுத்த பேச்சு அது, இல்லீன்னா அதுக்கு அப்படிப் பேச வராது.

இன்னிக்கு மாப்பிள்ளையோட பெரியப்பன் ஊட்டுல பேச்சு வெச்சிருக்குது. ரெண்டு பக்கத்துப் பெரியவங்களும் வர்றாங்க. மாப்பிள்ளையே சொல்லிட்டானாம், "எங்கிட்ட இருந்தா எம்மூஞ்சியைப் பாக்கறப்பெல்லாம் அவளுக்கு அதுதான் ஞாபகம் வரும், அவங்கண்ணன் கூட்டிட்டுப் போறதுதான் நல்லது"ன்னு. அவனே உட்டுட்டான். சுகந்திதான் அழுதுக்கிட்டு நிக்குது. அது மனசு மாறணும். அதுக்குத்தான் இந்தப் பை.

அன்னிக்கு எல்லாம் ஒடைஞ்சதுல ஒரே ஒரு பாட்டிலு உருண்டு போயிக் கட்டிலுக்கடியில கெடந்துச்சுங்க. முழுசா. ஆரும் பாக்கல, எடுத்து வேட்டியில சுத்திக்கிட்டு வந்துட்டேன். இத்தனை நாளா எங்கூட்டு பிரிட்ஜுல ஐஸு தட்டுக்குக் கீழ பத்திரமா வெச்சிருந்தேன். இன்னிக்குத்தான் வெளிய எடுத்தேன். சபை நடுவுல வெச்சு, இதைக் குடிச்சுப் பாருங்க, என்ன எழவைக் காச்சியிருக்கறான்னு நீங்களே பாருங்கன்னு கேக்கப் போறேன். அப்பறம் எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு அது அங்க இருக்கும்?

என்னங்க? சக்கரையா? சக்கரை என்னங்க பண்ணும்? டீயில போடறோம், பாயசத்துல போடறோம், எந்தத் தம்ளரு வெடிச்சுச்சு? நீங்களும் அவனாட்டமே பேசறீங்களே. நான் போட்டது சுத்தமான நாட்டுச்சக்கரை. பச்சைக்கொழந்தைக்குக் குடுக்கலாம்.

ஏனுங்க எந்திரிக்கறீங்க? இன்னும் தருமபுரியே வரல, அதுக்குள்ள எங்க எறங்கறீங்க? நிக்கறதுக்குக்கூட எடமில்ல, உக்காருங்க. டிரைவரை எதுக்குக் கூப்பிடறீங்க, ஒடம்புக்கு ஆவலையா? வேத்துக் கொட்டுது பாருங்க உங்களுக்கு. இந்த என்ஜினுச் சூடு அப்படி.

சித்த இருங்க, காட்டறேன். நீங்க நம்ப மாட்டேங்கறீங்க. தா, இதான். அப்பா, என்ன சூடு, கையில புடிக்க முடியல. மூடியைப் பாத்தீங்களா, எப்படி உப்பிக்கிட்டு நிக்குது. சபையில வெக்கறதுக்கு முந்தி, முன்னப்பின்ன தெரியாத மனுசரு நீங்க ஒரு வாய் குடிச்சுப் பாருங்க. கொறஞ்சா ஒண்ணும் ஆயிராது. தொறக்கறதுக்கு ஒண்ணுமில்லைன்னா என்ன, நான் பல்லுலயே தொறந்திருவேன். குடிச்சுப் பாத்துட்டு நீங்களே நாயஞ் சொல்லுங்க, எந்தங்கச்சி கண்ணு ஆரால போச்சுன்னு.